2025 செப்டம்பர் 7 முதல் 2026 ஜனவரி 10 வரை: எஃப்டிசி (FIRST Tech Challenge, பள்ளி மாணவர் ரோபோ போட்டி) ரோபோ கட்டும் அட்டவணை எங்கே இடிக்கும்?

ஆய்வகம்_வடசேரி

நேற்று இரவு இந்த ஆண்டின் ஆட்டம் வெளியானது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐந்து அங்குலப் பந்துகளை அள்ளி, ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், உயரமான கோலுக்குள் எறிய வேண்டும். ஜனவரி 10, சனிக்கிழமை எங்கள் ரோபோ போட்டிக்குக் கிளம்பப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இன்றிலிருந்து எண்ணினால் 18 வாரம்.

எங்களுக்கு இது முதல் ஆண்டு. குழுவில் 10 பேர். எல்லோரும் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு. பொதுத்தேர்வு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 6.30 வரை, சனிக்கிழமை காலை 9.30 முதல் 2.30 வரை. அதற்குமேல் இருத்த முடியாது, திங்கள்சந்தைக்கும் பூதப்பாண்டிக்கும் போகிற பிள்ளைகளுக்குப் பேருந்து கிடைக்காது.

கையில் இருப்பவை: ஒரு கண்ட்ரோல் ஹப் (ரோபோவின் மூளைப் பெட்டி), ஒரு எக்ஸ்பான்ஷன் ஹப் (கூடுதல் போர்ட் பெட்டி), மோட்டார் 6, சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) 5, மெக்கானம் சக்கரம் (பக்கவாட்டிலும் ஓடுவது) ஒரு செட், பேட்டரி 2, சின்ன 3டி பிரிண்டர் ஒன்று.

நான் போட்ட திட்டம்:
வாரம் 1–4 வடிவமைப்பு
வாரம் 5–11 கட்டுதல்
வாரம் 12–15 நிரல்
வாரம் 16–18 ஓட்டப் பயிற்சி

இது எங்கே இடிக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

---

தோவாளை_கியர்

டீச்சர், இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, 18 வாரம் என்பது காலண்டர் கணக்கு. வேலைக்கு மணிக்கணக்குதான் உதவும். இரண்டு, நான்கு வேலையையும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கோர்த்திருக்கிறீர்கள். முன் பெட்டி ஒரு வாரம் தாமதமானால் கடைசிப் பெட்டியான ஓட்டப் பயிற்சிதான் கழன்று போகும். அது போனால் மற்ற மூன்றும் வீண்.

முதலில் மணியை எண்ணுவோம். வரும் செவ்வாயிலிருந்து ஜனவரி 8 வியாழன் வரை 17 சனிக்கிழமை, 36 வார நாள் மாலை. 85 + 72 = 157 மணி. இதில் கழிக்க வேண்டியவை:

காலாண்டுத் தேர்வு இரண்டு வாரம்: 18 மணி.
அரையாண்டுத் தேர்வு, டிசம்பர் 10 வாக்கில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முன் முடியும் வரை: 18 மணி.
தீபாவளி அக்டோபர் 20 திங்கள். அதற்கு முந்தைய சனியும் மறுநாள் செவ்வாயும் யாரும் வரமாட்டார்கள்: 7 மணி.
அக்டோபர் 2, டிசம்பர் 25, ஜனவரி 1 மூன்றும் வியாழன்: 6 மணி.
வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு சனி, இரண்டு மாலை: 14 மணி. காலையில் கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டால் பிள்ளைகளைக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது.

மிச்சம் 94 மணி. அதில் அரையாண்டுக்கு முன்னால் கிடைப்பது 78, பின்னால் வெறும் 16. உங்கள் திட்டத்தில் நிரல் வேலையின் பாதி தேர்வுக்குள் விழுகிறது, பாருங்கள்.

காலாண்டு விடுமுறையில் மூன்று முழு நாள் (செப்டம்பர் 29, 30, அக்டோபர் 3), அரையாண்டு விடுமுறையில் நான்கு முழு நாள் (டிசம்பர் 26, 29, 30, 31) கிடைத்தால் (நாளுக்கு 5 மணி, ஏற்கெனவே எண்ணிய செவ்வாய் மாலை போக) முன்பக்கம் 91, பின்பக்கம் 34. இதுதான் உங்கள் கையிருப்பு.

இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். டிசம்பர் 6, சனிக்கிழமைக்குப் பிறகு ரோபோவில் புதிய பாகம் எதுவும் ஏறக்கூடாது. உடைந்ததை மாற்றலாம், தளர்ந்ததை முறுக்கலாம், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் 34 மணியும் ஓட்டுநர்களுக்கும் தானியங்கிப் பகுதிக்கும் (ஆட்டத் தொடக்கத்தில் ரோபோ தானாக ஓடும் 30 நொடி) உரியவை. இந்த ஒரு தேதியை முதலில் ஆணி அடித்துவிட்டு மற்றதை அதற்கு முன்னால் அடுக்குங்கள்.

---

நிரல்_கோணம்

தோவாளை அண்ணன் சொன்னதோடு இன்னொரு தேதியையும் சேருங்கள்: அக்டோபர் 4. அன்றைக்கு நான்கு சக்கரமும் ஹப்பும் பேட்டரியும் ஏறிய, தரையில் ஓடுகிற சட்டம் நிரல் குழுவின் கையில் இருக்க வேண்டும். அள்ளும் பொறி, எறியும் பொறி எதுவும் அதில் வேண்டாம். வெறும் அடிச்சட்டம் போதும்.

பன்னிரண்டாம் வாரம்வரை நிரல் எழுதுகிறவர்களைச் சும்மா உட்கார வைத்தால், ரோபோ வந்த அன்றுதான் மோட்டார் திசை தலைகீழாக இருப்பதும், என்கோடர் (மோட்டார் சுழற்சியை எண்ணும் சென்சர்) வயர் வேறு போர்ட்டில் மாட்டியிருப்பதும் தெரியும். சட்டம் முன்னதாகக் கிடைத்தால் அக்டோபருக்குள் இவை முடிந்துவிடும்: கையால் ஓட்டும் நிரல், ஓடோமெட்ரி சக்கரத்தின் (ரோபோ நகர்ந்த தூரத்தை அளக்கும் சின்னச் சக்கரம்) அளவுத்திருத்தம், கேமராவில் ஏப்ரல்டேக் (களத்தில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் குறி) படிப்பது, தரையில் போட்ட கோட்டைத் தாண்டி நகரும் எளிய தானியங்கி.

ஓடோமெட்ரி திருத்தத்தை ஒரு முறை செய்து கைகழுவிவிடாதீர்கள். சுவரில் ஒட்டி நிறுத்தி, 96 அங்குலம் நேராகத் தள்ளுங்கள், திரையில் வரும் எண்ணைக் குறியுங்கள். ஐந்து முறை. ஐந்தும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் பெருக்கல் எண்ணை மாற்றிச் சரிசெய்யலாம். ஐந்தும் ஐந்து விதமாக வந்தால் நிரலில் கைவைக்காதீர்கள். சக்கரத்தை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருக்கும். ரோபோவின் எடை கூடியதும் சட்டம் சற்று தாழும், திருத்தம் மாறும். அதனால் அக்டோபரில் ஒரு முறை, டிசம்பர் 6க்குப் பிறகு ஒரு முறை.

ஹப், டிரைவர் ஸ்டேஷன் (ஓட்டுநர் கையில் இருக்கும் கருவி), எஸ்டிகே (நிரல் எழுதும் மென்பொருள்) பதிப்புகளை இந்த வாரமே ஒரே அடியாகப் புதுப்பித்துவிடுங்கள். டிசம்பரில் யாராவது "அப்டேட் வந்திருக்கு" என்று தொட்டால் கையைத் தட்டிவிடுங்கள்.

---

பட்டறை_மார்த்தாண்டம்

டீச்சர், திட்டம் போட்டு முன்கூட்டியே கேக்குறது கொள்ளாம். சாமான் விஷயத்த நான் சொல்லுதேன்.

வெளிநாட்டுச் சாமானுக்கு ஆர்டர் போட்டு மூணுல இருந்து அஞ்சு வாரம்னு கணக்கு வச்சுக்கிடுங்க. சுங்கத்துல நின்னா அதுக்கும் மேல. அதனால முதல் ஆர்டர் இந்த வாரமே போகணும். என்ன பொறி செய்யப்போறோம்னு இன்னும் தெரியாதேன்னு கேப்பீங்க. எதச் செஞ்சாலும் வேண்டியது உண்டும்லா, அத மட்டும் வாங்குங்க: பேட்டரி 4, இருபது ஆம்பியர் ஃபியூஸ் 10, மோட்டார் 2, சர்வோ 4, எட்டு மில்லி பேரிங் 20, கிளாம்பிங் ஹப் (தண்ட இறுக்கிப் புடிக்குற வளையம்) 8, எக்ஸ்டி30 கனெக்டர் (பவர் வயர் மாட்டுறது) 10 ஜோடி, என்கோடர் வயர் 6. இரண்டாவது ஆர்டர் அக்டோபர் 11க்குள்ள, எறியும் பொறி முடிவானதும். மூணாவது ஆர்டர்னு ஒண்ணு கிடையாது. அதுக்குப் பெறகு வேண்டியத நம்ம ஊர்லயே செஞ்சுக்கிடணும்.

நம்ம ஊர்ல என்ன கிடைக்கும்? அலுமினிய ஜன்னல் போடுற கடையில ஒரு இஞ்சு சதுரக் குழாய் 12 அடி நீளத்துல கிடைக்கும். அவங்ககிட்ட கட்டிங் மெஷின்ல அறுத்து வாங்கினா முனை நேரா இருக்கும், பிள்ளையளு ஆக்சா பிளேடு வச்சு அறுத்தா இருக்காது. சட்டத்துக்கு அது போதும். ஆனா தண்டு ஓடுற பேரிங் தட்ட கையால துளை போடாதீங்க. ரெண்டு தட்டுலயும் துளை அரை மில்லி விலகினாப் போதும், தண்டு இறுகும், மோட்டார் சூடாகும், எங்க கோளாறுன்னு ரெண்டு நாள் தேடுவீங்க. ரெண்டு தட்டையும் சேத்து கிளாம்ப் பண்ணி ஒரே துளையா டிரில் பிரஸ்ல போடணும். இல்லன்னா மூணு மில்லி தகட்டுல லேசர் கட்டிங் குடுங்க.

போர்டு எழுதுற கடையில அக்ரிலிக் அழகா வெட்டித் தருவாங்க. ஆசப்பட்டு ரோபோவுக்க வெளிப்பக்கம் போடாதீங்க, ஒரு மோதல்ல திருகு துளையில இருந்து விரிசல் ஓடும். பாலிகார்பனேட் போடணும். ஆனா அது லேசர்ல கருகும், ஜிக்சாலதான் அறுக்கணும் கேட்டியளா.

---

ஆய்வகம்_வடசேரி

மணிக்கணக்கைப் பார்த்ததும் திக்கென்றது. 157 என்று நான் நினைத்திருந்தது 94.

இரண்டு கேள்விகள். எறியும் பொறியின் வடிவத்தை எப்போது முடிவு செய்வது? பிள்ளைகள் ஏழு யோசனை வைத்திருக்கிறார்கள், எறியும் பொறியை மட்டும் தனியே திருப்பும் கோபுரம் உட்பட. அடுத்தது, காலாண்டுத் தேர்வின் இரண்டு வாரமும் கணினியில் வரைந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சரியா?

---

தோவாளை_கியர்

தேர்வு வாரத்தில் பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வீட்டில் ஒரு முறை முகம் சுளித்தால் நவம்பரில் நான்கு பேர் வரமாட்டார்கள். அந்த இரண்டு வாரமும் ஆர்டர் போடவும், களம் அமைக்கப் பொருள் சேர்க்கவும் உங்களுக்கு உரியவை.

எறியும் பொறியை முதலில் வரையாதீர்கள், பலகையில் செய்து பாருங்கள். காலாண்டு விடுமுறையின் மூன்று நாளும் இதற்கே. வேண்டியவை: 12 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு, 100 மி.மீ. விட்டமுள்ள ரப்பர் சக்கரம், நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் கியர் இல்லாத மோட்டார் ஒன்று, பந்தின் வெளிப்பக்கத்தைத் தாங்கும் வளைந்த தடுப்பு. தடுப்பைத் திருகும் துளையை வட்டமாகப் போடாமல் நீள்காடியாக வெட்டுங்கள். தடுப்புக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதை நகர்த்திப் பார்க்க வசதி வேண்டும்.

பந்து 127 மி.மீ. ஓட்டை போட்ட பிளாஸ்டிக், அதிகம் அமுங்காது. அதனால் தடுப்பின் உட்புறம் ஐந்து மி.மீ. பஞ்சுப்பட்டை ஒட்டுங்கள், அமுங்குவது அதுதான். இடைவெளியை 123இல் தொடங்கி இரண்டிரண்டு மி.மீ. ஆகக் குறைத்து 115 வரை போங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் 20 பந்து. விழுகிற இடத்தில் ஒருவர் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். அதிக தூரம் போனதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், புள்ளிகள் நெருக்கமாக விழுந்ததைத் தேர்ந்தெடுங்கள். தூரத்தை மோட்டார் வேகத்தால் சரிசெய்யலாம், சிதறலை எதனாலும் சரிசெய்ய முடியாது.

121இல் புள்ளிகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள்ளும், 117இல் முறம் அளவுக்கும் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் கூடும்போது பந்தின் ஓட்டை விளிம்பு சக்கரத்தில் மாட்டுகிறது, ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு விதமாகச் சுழல்கிறது. பிள்ளைகளைப் பக்கவாட்டில் உட்காரவைத்துக் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கச் சொல்லுங்கள், கண்ணெதிரே தெரியும். எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம், மோட்டார் ஓடும்போது யாரும் எதிரே நிற்கக்கூடாது.

கோபுரம் வேண்டாம். முதல் ஆண்டில் அது ஒரு மோட்டாரையும் மூன்று வாரத்தையும் தின்னும், வயர் முறுக்கிக்கொள்ளும். அடிச்சட்டமே திரும்பிக் குறிபார்க்கட்டும்.

---

நிரல்_கோணம்

இடைவெளி தீர்ந்தாலும் இரண்டாவது, மூன்றாவது பந்து குட்டையாகப் போய் விழும். முதல் பந்து சக்கரத்தின் வேகத்தைத் தின்றுவிடும், மீள்வதற்குள் அடுத்தது நுழைந்துவிடும். சக்கரத்தோடு ஒரு எடைத் தட்டைச் சேர்த்தால் வேகம் குறைவாக இறங்கும், ஆனால் முதலில் வேகம் எடுக்க நேரமாகும். நிரலில், என்கோடர் காட்டும் வேகம் இலக்கை ஒட்டி வந்த பிறகே அடுத்த பந்தைத் தள்ளச் சொல்லுங்கள். "அரை நொடி காத்திரு" என்று எழுதாதீர்கள். அந்த அரை நொடி புதுப் பேட்டரிக்குச் சரியாக இருக்கும், நான்காவது மேட்சில் போதாது.

பேட்டரி 13.5 வோல்ட்டில் இருக்கும்போது பவர் எண்ணைக் கொடுத்துச் சரிசெய்த வேகம், 12.3 வோல்ட்டில் கண்டிப்பாகக் குறையும். அதனால் எறியும் மோட்டாருக்கு எப்போதும் வேகக் கட்டுப்பாடு, அதாவது வேகத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும் பிஐடிஎஃப் முறை. சோதனை செய்யும்போது நோட்டில் பேட்டரி எண்ணையும் வோல்ட்டையும் எழுதாத முடிவு செல்லாது என்று விதி வையுங்கள்.

---

குளச்சல்_ஒயரிங்

அட்டவணையில் ஒயரிங்குக்கு யாருமே நாள் ஒதுக்கவில்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான். கட்டி முடித்த அன்று இரவு அவசரமாக வயரைச் சுற்றிவிட்டு, ஜனவரியில் "ரோபோ நடுவில் நின்றுவிட்டது" என்று காரணம் தேடுவார்கள். ரோபோ நடுவில் நிற்பதற்குப் பெரும்பாலும் நிரல் காரணமல்ல. பவர் வயர் ஒரு கணம் விட்டுப் பிடித்தால் ஹப் மறுபடி துவங்கும், இரண்டரை நிமிட ஆட்டத்தில் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

இரண்டு முழு சனிக்கிழமை ஒயரிங்குக்கு மட்டும் எழுதுங்கள். ஒன்று அக்டோபர் 25, மற்றொன்று நவம்பர் 29. செய்ய வேண்டியவை:

எக்ஸ்டி30இன் ஆண் முள் நான்காகப் பிளந்திருக்கும். பலமுறை மாட்டிக் கழற்றினால் குவிந்து தளரும். மெல்லிய பிளேடால் லேசாக விரித்து, மாட்டும்போது இறுக்கம் கையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கனெக்டரை மாற்றுங்கள்.

ஒவ்வொரு வயரும் ஹப்புக்கு வெளியே மூன்று அங்குலத்துக்குள் சட்டத்தோடு கட்டப்பட வேண்டும். இழுபட்டால் கட்டு தாங்கட்டும், போர்ட் தாங்கக்கூடாது. சின்ன சென்சர் கனெக்டர்களுக்கு ஹாட் குளூ ஒரு சொட்டு, அதற்குமேல் வேண்டாம்.

இரு முனையிலும் எண் ஒட்டுங்கள். "மோட்டார் 2, முன் வலது" என்று தமிழிலேயே எழுதி மேலே செல்லோ டேப்.

பிறகு ஆட்டிப் பார்க்கும் சோதனை: ரோபோவை ஆன் செய்து, சக்கரம் தரையில் படாமல் கட்டைமேல் வைத்து, சக்கரத்தை ஓடவிட்டு ஒவ்வொரு வயரையும் விரலால் அசையுங்கள். எது அசையும்போது நிற்கிறதோ அதுதான் நோயாளி.

கடற்கரைப் பக்கப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு சொல். உப்புக்காற்று இரும்புத் திருகை ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைக்கும், செம்பு முனையில் பச்சை பூக்கும். திருகுகளும் உதிரிக் கனெக்டர்களும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

ஸ்டாட்டிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் அது தலைகாட்டாது. ஏசி போட்ட உலர்ந்த அரங்கில், ஃபோம் தரையில் சக்கரம் உரசும்போது சட்டத்தில் மின்னூட்டம் ஏறி, ஹப்பில் பாய்ந்து துண்டிக்கும். இங்கே ஓடியதால் அங்கேயும் ஓடும் என்று இருந்துவிடாதீர்கள். சட்டத்தை ஹப்போடு இணைக்கும் கிரவுண்டிங் வயரை இப்போதே ஆர்டரில் சேருங்கள். விதி அனுமதிக்கும், மின்தடை (ரெசிஸ்டர்) உள்ள வயர் மட்டும்தான், சொந்தமாகச் செம்புக் கம்பி கட்டக்கூடாது.

---

பட்டறை_மார்த்தாண்டம்

பிரிண்டர் காரியம் விட்டுப் போச்சு. நவம்பர் மழையில ஃபிலமென்ட் (அச்சடிக்குற பிளாஸ்டிக் நூல், பிஎல்ஏ, பெட்ஜின்னு வகை உண்டு) ஈரம் குடிக்கும். அச்சடிக்கையில பொரியுற மாதிரி சத்தம் வரும், நூல் நூலா இழுக்கும், அடுக்கு அடுக்கா உரிஞ்சு வரும். பிஎல்ஏ 45 டிகிரியில ஆறு மணி நேரம், பெட்ஜி 65 டிகிரியில ஆறு மணி நேரம் காயவச்சுட்டு டப்பாவுல அடைச்சு வைங்க. மோட்டார் பிடிக்குற பாகம், மோதல் வாங்குற பாகம் பெட்ஜியில போடுங்க. பிஎல்ஏ அறுபது டிகிரிய ஒட்டி இளகும். வெயில்ல நிக்கற வேனுக்குள்ள வச்சா வளஞ்சிரும்.

நாலு சுவர், நாப்பது சதவீதம் நிரப்பு, 0.2 அடுக்கு. ஆறு மணி நேரத்துக்கு மேல ஓடுற பாகம் வரையாதீங்க, ரெண்டாப் பிரிச்சு திருகிச் சேருங்க. கரண்டு போனா ஆறு மணி நேர வேலதான் போகும், பதினாலு மணி நேரம் போகாது. மின்வாரிய மாதாந்திரப் பராமரிப்பு நாள் பேப்பர்ல முன்னாலயே வரும். அத அட்டவணையில சிவப்பு மையில எழுதி, அன்னைக்கு அச்சு வேல வைக்காம ஒயரிங், போர்ட்ஃபோலியோ (நடுவர்களுக்குக் குடுக்குற குறிப்பேடு) வேல வைங்க. பின்ன, திருகு விஷயம். மோட்டார் தண்ட புடிக்கறதுக்கு செட் ஸ்குரூ ஹப் போடாதீங்க, கிளாம்பிங் ஹப் போடுங்க. ஒத்தத் திருகு எவ்வளவு முறுக்கினாலும் அதிர்வுல கழலும்.

---

ஸ்டியரிங்_தக்கலை

எல்லாரும் ரோபோவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டுகிறவர்களை யாரும் கேட்கவில்லையே, அண்ணே. களத்தருகே நிற்கப்போவது நான்கு பேர்: ஓட்டுநர் இரண்டு, பந்து கொடுக்கும் ஆள் ஒன்று, பயிற்றுநர் ஒன்று. அக்டோபர் கடைசிக்குள் இவர்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வெறும் அடிச்சட்டத்தை வைத்தே தேர்வு நடத்தலாம். நான்கு கூம்புகளைச் சுற்றி எட்டு போட்டு வரவேண்டும், பத்து முறை, நேரம் குறிக்க வேண்டும். வேகமான ஒரு சுற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள், பத்தில் மோசமான சுற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பதினொன்றாம் வகுப்பு என்பதற்காக யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள், டீச்சர்.

பயிற்சிக்குப் பேட்டரி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பேட்டரி சார்ஜ் ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம், சூடு ஆற கால் மணி. 13 நிமிடத்துக்கு ஒரு மேட்ச் ஓடினால், 75ஐ 13ஆல் வகுத்தால் 5.8, ஆக ஆறு பேட்டரி. உங்களிடம் 2, ஆர்டரில் 4, சரியாக இருக்கிறது. ஆனால் சார்ஜர் ஒன்றே ஒன்று என்றால் ஆறு பேட்டரியும் வரிசையில் நிற்கும். குறைந்தது ஐந்து சார்ஜர் வேண்டும், ஆறு இருந்தால் நிம்மதி.

முழு மேட்ச் 30 நொடி தானியங்கி, பிறகு இரண்டு நிமிடம். பயிற்சியிலும் அப்படியே ஓடவேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. ரோபோவிலிருந்து பாகம் கழன்று விழுந்தாலும் மிச்ச நேரத்தை ஓட்டி முடிக்கப் பழக வேண்டும். ஒவ்வொரு மேட்சிலும் மூன்று எண் மட்டும் எழுதுங்கள்: எத்தனை பந்து எறிந்தது, எத்தனை உள்ளே போனது, ஒரு முறை அள்ளி எறிந்து திரும்ப எத்தனை நொடி. மூன்றாவது எண் குறையாமல் நின்றுவிட்டால் ஓட்டுநர் பாதை தவறு, கை வேகத்தில் குறையில்லை.

---

ஆய்வகம்_வடசேரி

களத்துக்கு என்ன செய்வது? 12 அடிக்கு 12 அடி இடம் ஆய்வகத்தில் இல்லை. உணவுக்கூடத்தில் கிடைக்கும், ஆனால் சனிக்கிழமை மட்டும்.

---

ஸ்டியரிங்_தக்கலை

பாதிக் களம் போதும். இரண்டடிச் சதுர ஃபோம் பாய் 18. உடற்பயிற்சிக் கடையில் கிடைக்கும் பாய் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், மெக்கானம் சக்கரம் அதில் அமிழ்ந்து பக்கவாட்டு ஓட்டம் மந்தமாகும். அழுத்திப் பார்த்துக் கடினமானதாக வாங்குங்கள். கோலை பிளைவுட்டில், விதிப்புத்தகத்தில் உள்ள உயரத்துக்கும் சாய்வுக்கும் ஒரு மில்லி பிசகாமல் செய்யுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

---

தோவாளை_கியர்

பாதிக் களம் ஓட்டுநருக்குப் போதும், தானியங்கிக்குப் போதாது என்பேன். தூரத்திலிருந்து எறிகிற வழித்தடம் இருந்தால் குறைந்தது நான்கு சனிக்கிழமை முழுக் களம் வேண்டும்.

---

நிரல்_கோணம்

அண்ணே, முதல் ஆண்டுக் குழு தூரத்து வழித்தடத்தில் கைவைக்கவே வேண்டாம். கோலுக்கு அருகில் தொடங்கி, கையில் உள்ள மூன்று பந்தை எறிந்து, தரையில் போட்ட கோட்டைத் தாண்டி நகர்வது. இதைப் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் செய்தால் போதும். அதற்குப் பாதிக் களம் தாராளம். பத்துக்கு ஒன்பது வராதவரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

---

தோவாளை_கியர்

அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் உணவுக்கூடத்தை டிசம்பர் 27, ஜனவரி 3 ஆகிய இரண்டு சனிக்கிழமைக்கு மட்டும் கேளுங்கள். அன்று சுற்றிலும் சுவர் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

---

ஆய்வகம்_வடசேரி

எல்லோர் பதிலையும் வைத்துத் திருத்திய அட்டவணை:

செப்டம்பர் 12 வரை: விதிப்புத்தக வாசிப்பு, எதைச் செய்யமாட்டோம் என்ற பட்டியல், முதல் ஆர்டர், பதிப்புகள் புதுப்பிப்பு.
காலாண்டுத் தேர்வு: பிள்ளைகளுக்கு வேலை இல்லை. பாய், பிளைவுட் நான் வாங்குகிறேன்.
செப்டம்பர் 27 – அக்டோபர் 4: ஒரு குழு அடிச்சட்டம், ஒரு குழு பலகையில் எறியும் சோதனை. 4ஆம் தேதி சட்டம் நிரல் குழுவுக்கு.
அக்டோபர் 11: எறியும் பொறி முடிவு, இரண்டாவது ஆர்டர்.
அக்டோபர் 25: முதல் ஒயரிங் நாள், ஓட்டுநர் தேர்வு.
நவம்பர் 1 – 22: அள்ளும் பொறி, எறியும் பொறி ஏற்றுதல். இதில் இரண்டு சனி மழைக்கு.
நவம்பர் 29: இரண்டாவது ஒயரிங் நாள்.
டிசம்பர் 6: முடக்கம், இதற்குமேல் புதிய பாகம் இல்லை.
டிசம்பர் 26 – ஜனவரி 8: தானியங்கிச் சீரமைப்பு, ஓட்டப் பயிற்சி.

போர்ட்ஃபோலியோ 15 பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி 20 நிமிடம் அதற்கென்று எழுதியிருக்கிறேன்.

---

குளச்சல்_ஒயரிங்

நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தம்.

அளவுச் சோதனை எங்கும் இல்லை. 18 அங்குலக் கனசதுரப் பெட்டி ஒன்றை அட்டையில் இப்போதே செய்து, நவம்பர் 1இலிருந்து ஒவ்வொரு சனியும் ரோபோவை அதற்குள் நுழைத்துப் பாருங்கள். கட்டும்போது திருகுத் தலையும் கேபிள் கட்டும் சேர்ந்து அரை அங்குலம் வளர்ந்துவிடும். 17¾க்கு வரைந்தால்தான் 18க்குள் நிற்கும்.

நவம்பர் கடைசி வாரம் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. நாகர்கோவில் போக்குவரத்து நெரியும். 29ஆம் தேதி ஒயரிங்குக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதற்கு முந்தைய சனிக்கு மாற்றுங்கள். டிசம்பர் தொடங்கியதும் குடில் கட்டவும் பாட்டுப் பயிற்சிக்கும் பிள்ளைகள் போவார்கள். அதைத் தடுக்க வேண்டாம், 6ஆம் தேதி முடக்கம் இருப்பதால் தாங்கும்.

மூன்றாவது, நிரலின் நகல். ஆய்வகக் கணினியில் மட்டும் இருக்கக்கூடாது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் குமரி மாவட்டத்தின் பல இடங்களில் மின்சாரம் திரும்பப் பல நாளானது. ஒவ்வொரு சனியும் பென்டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று.

---

பட்டறை_மார்த்தாண்டம்

டீச்சர், ஒண்ணே ஒண்ணு. டிசம்பர் 26ல இருந்து 31 வர நாலு முழு நாள் எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடம் அடச்சிருக்கும். ஆய்வகச் சாவி யாருகிட்ட? வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தா? மெயின் சுவிட்ச அணச்சுட்டுப் போயிருந்தா? தலைமையாசிரியர்கிட்ட இப்பவே எழுத்துல வாங்கி வைங்க. கூட ஒரு ஆசிரியரும் பெற்றோர் ஒருத்தரும் எந்தெந்த நாள் இருப்பாங்கன்னு பேரோட எழுதுங்க. உங்க 34 மணியில 18 மணி அந்த நாலு நாளிலதான் கிடக்கு.

---

ஆய்வகம்_வடசேரி

இது எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணே. கடிதத்தை நாளைக் காலையே கொடுத்துவிடுகிறேன். உணவுக்கூடத்துக்கான இரண்டு சனிக்கிழமையையும் அதிலேயே சேர்க்கிறேன். ஒயரிங் நாளை நவம்பர் 22க்கு மாற்றிவிட்டேன். அட்டைப் பெட்டிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இன்று மாலையே அளவெடுக்கிறார்கள், வெளிப்பக்கம் இல்லை, உட்பக்கம் 18 அங்குலம் என்று சொல்லியிருக்கிறேன்.